அம்மாவின் ஒற்றை அட்டை

2003 ஆம் ஆண்டு முடியும்வரை, மலையகத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளருக்கான வரிசை வீட்டின் ஓர் அறையான எங்கள் லயக் காம்பராவில் ஏழு பேர் குடியிருந்தோம். அவர்களுள் தம்மை இலங்கைப் பிரசை என்று கடதாசி காட்டிச் சொல்லக்கூடியவர் அம்மா ஒருவர் மட்டுமே. தாத்தாவிடமும் அப்பாயியிடமும் எப்போதோ காலாவதியாகிவிட்ட இந்தியக் கடவுச்சீட்டுகள் இருந்தன. அப்பாவும் சித்தப்பாவும் அந்தக் கடவுச்சீட்டுகளுக்காகத் தாத்தா கொடுத்த விண்ணப்பத்தில் சிறுபிள்ளைகளாகப் பெயர் எழுதப்பட்டவர்கள். அதற்குப் பிறகு எந்த அரசாங்கமும் அவர்களைப் பற்றி விசாரிக்கவில்லை. குடியுரிமை தகப்பன் வழியாகத்தான் பிள்ளைக்கு வரும் என்று அன்றைய சட்டம் சொன்னபடியால், எனக்கும் தம்பிக்கும் அம்மாவுடையது தானாக இறங்கவில்லை. பன்னிரண்டடி அறைக்குள் மூன்று விதமான சட்ட நிலைகள் இருந்தன என்று இன்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

இது எங்கள் வீட்டுக்கு மட்டும் நேர்ந்ததன்று. 1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் இந்திய வம்சாவளியினரான மலையகத் தோட்டத் தொழிலாளர் வாக்களித்து, இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. தாத்தாவின் தகப்பனாரும் அந்தத் தேர்தலில் வாக்குப் போட்டவர். அடுத்த ஆண்டே 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்து, தகப்பனோ அல்லது பாட்டனும் பூட்டனுமோ இந்த மண்ணில் பிறந்தார்கள் என்று நிரூபிக்கும்படி கேட்டது. பிறப்புப் பதிவு என்ற ஒன்றே வழக்கத்தில் இல்லாத லயங்களிலிருந்து அத்தகைய அத்தாட்சியை யார் கொண்டுபோய்க் கொடுப்பது? 1949 ஆம் ஆண்டு வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின் கீழ் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. ஏற்கப்பட்டவர்கள் சுமார் 134,000 பேர். எங்கள் பூட்டனாரின் விண்ணப்பமும் தள்ளுபடியானவற்றுள் ஒன்று. தொடர்ந்து வசித்ததற்கான சான்று போதவில்லை என்பது காரணம். அவர் அந்தத் தோட்டத்தை விட்டு ஒரு கோயில் திருவிழாவுக்காகத் தவிர வேறெதற்கும் வெளியே போனதில்லை என்பார் தாத்தா.

இலங்கை, இந்தியப் பிரதமர்களிடையே 1964 ஒக்டோபர் 30 ஆம் திகதி கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் எங்களை எண்ணிக்கையாக மாற்றியது. மொத்தம் 975,000 பேர். அவர்களில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. மிச்சமிருந்த 150,000 பேரை 1974 ஆம் ஆண்டு இரு நாட்டுப் பிரதமர்களும் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அம்மாவின் வீட்டார் இலங்கைப் பக்கம் விண்ணப்பித்து, அந்த மூன்று லட்சத்துக்குள் பதியப்பட்டார்கள். தாத்தா இந்தியாவைக் கேட்டார். ஏன் கேட்டீர்கள் என்று பிற்காலத்தில் பலமுறை விசாரித்திருக்கிறேன். அண்ணன் கேட்டார், பக்கத்துக் காம்பரா கேட்டது, இங்கே கேட்டால் கிடைக்காது என்று எல்லோரும் சொன்னார்கள் என்பதற்கு மேல் அவரிடம் பதில் இருக்கவில்லை. இரண்டு நாடுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவருக்கு இருந்ததாக நூல்கள் எழுதுகின்றன. அவரைப் பொறுத்தவரை அது, காலையில் வேலை பகிரும் பிரட்டுக் களத்தில் பரவிய ஒரு பேச்சு.

கடவுச்சீட்டு கைக்கு வந்தபின்பும் உடனே புறப்பட முடியவில்லை. சேமலாப நிதியும் சேவைக்காலப் பணமும் கிடைத்தால்தான் போய் இறங்கும் இடத்தில் கால் ஊன்றலாம். அந்தப் பணம் இழுபட்டது. புகுந்த வீட்டாருக்குக் கடதாசிகள் முந்திக்கொண்டதால், அப்பாவின் அக்கா 1982 ஆம் ஆண்டு மலையகத்திலிருந்து தலைமன்னாருக்குப் போகும் கோச்சியில் (ரயிலில்) ஏறினார். ஒப்பாரிக் கோச்சி என்றுதான் அதற்குப் பெயர். தலைமன்னார்த் துறையில் ராமானுஜம் கப்பல், அக்கரையில் மண்டபம் முகாம், பிறகு தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாட்டு அரசு நடத்திய தேயிலைத் தோட்டம் ஒன்றில், கோத்தகிரிப் பக்கம், மீண்டும் கொழுந்து. இரண்டு வருடத்தில் நாங்களும் வருகிறோம் என்று தாத்தா சொல்லி அனுப்பியிருந்தார். 1984 ஆம் ஆண்டு போர்ச் சூழலில் கப்பல் ஓட்டம் நின்றுபோனது.

1988 ஆம் ஆண்டு நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் ஒன்று வந்தது. அதில் எங்கள் லயத்தில் பாதிப் பேர் பிரசைகள் ஆனார்கள். இந்தியாவுக்கு விண்ணப்பித்திருந்த 506,000 பேரின் கணக்கில் வந்தவர்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தவில்லை. ஒரே சுவரின் அந்தப் பக்கம் இருந்தவர்கள் வாக்காளர் இடாப்பில் ஏறினார்கள், இந்தப் பக்கம் இருந்தவர்கள் ஏறவில்லை. இரு வீடுகளும் ஒரே இடத்தில் தண்ணீர் பிடித்தன, ஒரே கங்காணிக்குக் கீழ் வேலை செய்தன.

அரசியல் வரலாறு இவ்வளவு போதும். நான் சொல்ல வந்தது அம்மாவின் அட்டையைப் பற்றி.

அடையாள அட்டை இல்லாத வீட்டில் எந்த வேலைகள் நின்றுபோகும் என்பதை, அட்டையோடு வளர்ந்தவர்களுக்கு விளக்குவது கடினம். பதிவுத் தபால் வந்தால் தபாற்கந்தோரில் அட்டை கேட்பார்கள். வங்கியில் கணக்குத் திறக்க, தவணைக்குத் தொலைக்காட்சிப் பெட்டி எடுக்க, கூட்டுறவுச் சங்கத்தில் கடன் கேட்க, எல்லாவற்றுக்கும் அந்த இலக்கம் வேண்டும். எங்கள் வீட்டில் இவை அத்தனையும் அம்மாவின் பெயரில் நடந்தன. அப்பா சம்பாதித்த பணமும் அம்மாவின் கணக்கிலேயே கிடந்தது. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இதைப் பெண்ணுக்குக் கிடைத்த அதிகாரம் என்று நினைக்கக்கூடும். அம்மாவுக்கு இது இன்னுமொரு வேலைச்சுமை. அதற்குக் கூலி கிடையாது என்பதோடு, இருந்த கூலியையும் அது தின்றது.

ஒரு நகை அடகை எடுத்துக்கொள்வோம். பாடசாலை தொடங்கும் மாதத்தில் கொப்பி, சப்பாத்து வாங்குவதற்காக அப்பாயியின் தோடு வருடந்தோறும் அடகுக்குப் போய்விடும். நகரத்திலுள்ள தனியார் அடகுக் கடையில் யாரும் அட்டை கேட்பதில்லை, ஆனால் வட்டி கழுத்தை நெரிக்கும். வங்கியில் வட்டி குறைவு, அட்டை கட்டாயம். ஆகவே அம்மா போக வேண்டும். வங்கி திறப்பது ஒன்பது மணிக்கு. அம்மா மலையில் கூடையோடு நிற்பதும் அந்த நேரத்தில்தான். காலையில் பிரட்டுக்குப் போய், கணக்கப்பிள்ளையிடம் சொல்லிவிட்டு, பத்து மணி பஸ்ஸைப் பிடித்து ஹட்டனுக்கு இறங்கி, பகல் நிறுவைக்குத் திரும்பிவிட முடியுமா என்று அவர் கணக்குப் போடுவார். முடியாது. கொழுந்து குறையும், செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் அரைப் பேர், அதாவது அரை நாள் கூலி, விழும். சில மாதங்களில் பேரே விழாது. வட்டியில் மிச்சம் பிடித்ததை இழந்த கூலியில் கழித்துப் பார்த்தால் சில வேளைகளில் தனியார் கடையே லாபம் என்று வரும். அதையும் அவர் விரல்விட்டுக் கணக்குப் பார்த்துத்தான் முடிவு செய்வார். அம்மாவுக்கு ஓய்வு கிடைக்கும் ஞாயிற்றுக்கிழமையில் வங்கி மூடியிருக்கும். வேலையில்லாத பௌர்ணமிப் போயா தினத்திலும் மூடியிருக்கும்.

சித்தப்பாவின் கதை வேறு மாதிரி. அவர் கொழும்பில், புறக்கோட்டைக்கு அருகே ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்தார். தொண்ணூறுகளில் அட்டையில்லாத தமிழ் இளைஞன் கொழும்பில் இருப்பதென்பது ஒவ்வொரு மாலையும் ஒரு சோதனை. தோட்டத்துரையிடம் கெஞ்சி வாங்கிய கடிதம் ஒன்றை, சீல் மங்கிவிடாதபடி பிளாஸ்டிக் உறையிலிட்டுச் சட்டைப் பையில் வைத்திருப்பார். அதைப் படித்துவிட்டு அனுப்பிவிடும் பொலிஸ்காரரும் உண்டு. படிக்காமலே ட்ரக்கில் ஏற்றியவரும் உண்டு. பிடித்துக்கொண்டு போனால் முதலாளி வந்து கையெழுத்து வைக்கும்வரை உள்ளே. இதனால் அவர் தீபாவளிக்கும் மாரியம்மன் திருவிழாவுக்கும் தவிர ஊருக்கு வருவதில்லை. வழியில் எத்தனை சோதனைச் சாவடி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. நானோ 2001 ஆம் ஆண்டு சாதாரண தரப் பரீட்சைக்குத் தபால் அடையாள அட்டையோடு போனேன். பரீட்சை மண்டபத்தில் அது செல்லும். அதற்கு வெளியே அதை யாரும் மதிப்பதில்லை.

இந்த நிலைமையை மாற்றியது 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம், இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம். போர்நிறுத்தம் நடைமுறையிலிருந்த காலம். அரசாங்கத்துக்கு மலையகக் கட்சிகளின் ஆதரவு தேவைப்பட்ட காலமும்கூட. ஒக்டோபரில் நாடாளுமன்றம் அதை எதிர்ப்பில்லாமல் நிறைவேற்றியது. ஐம்பது வருடம் இழுபட்ட விடயம் எதிர்ப்பே இல்லாமல் ஒரே அமர்வில் முடிந்ததைப் பார்க்கையில், அதுவரை யாருக்காக இழுத்தார்கள் என்ற கேள்வி எனக்கு இன்றும் எழுகிறது. அந்தத் தருணத்தைக் காண, மலையகத் தொழிற்சங்கத் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் உயிரோடு இருக்கவில்லை. அவர் 1999 இல் காலமாகியிருந்தார்.

அந்தச் சட்டத்தின் சிறப்பு அதன் எளிமையில் இருந்தது. 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்து வரும் இந்திய வம்சாவளியினரும், இங்கே வாழும் அவர்களின் வழித்தோன்றல்களும் இலங்கைப் பிரசைகள். ஒப்பந்தம் எங்களைப் பங்கு போட்ட அதே நாளை எடுத்து, அன்று இங்கிருந்தவர்கள் எல்லோரும் இங்குள்ளவர்களே என்று எழுதிவிட்டார்கள். பாட்டன், பூட்டன் விசாரணை இல்லை. கடவுச்சீட்டு எதுவும் இல்லாதவர்களுக்குப் பொதுப் பிரகடனம் ஒன்று. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தவர்களுக்கு விசேட பிரகடனம் ஒன்று. முந்தைய சட்டங்கள் எங்களிடம் இல்லாத கடதாசிகளைக் கேட்டன. இது எங்கள் வாய்மொழியை எடுத்துக்கொண்டது. 48 இல் செய்யப்பட்டதற்கும் 2003 இல் செய்யப்பட்டதற்கும் உள்ள வேறுபாடு என்று நான் கருதுவது இதைத்தான்.

அவ்வாண்டு டிசம்பரில் ஐக்கிய நாடுகளின் அகதிகளுக்கான உயர் ஸ்தானிகராலயமும் தொழிற்சங்கங்களும் அரச அதிகாரிகளும் சேர்ந்து தோட்டப் பகுதிகள் முழுவதும் நடமாடும் முகாம்களை நடத்தினார்கள். பத்து நாட்களில் சுமார் 190,000 பேர் குடியுரிமை பெற்றார்கள் என்பது பதிவாகியுள்ள கணக்கு. எங்களுக்கு முகாம் தோட்டப் பாடசாலையில் நடந்தது. தாத்தா இரண்டு கடவுச்சீட்டுகளையும் சிலிசிலிப் (பொலித்தீன்) பையில் சுற்றி, பனியனுக்குள் வைத்துக்கொண்டு வந்தார். படிவம் நிரப்பிய பையன், பல்கலைக்கழக மாணவனாக இருக்க வேண்டும், "தாத்தா, அறுபத்து நாலுக்கு முந்தியே இங்கதான் இருந்தீங்களா?" என்று கேட்டான்.

"நான் பொறந்ததே இந்த மேட்டு லயத்துலதான் தம்பி. ஒங்கப்பாவுக்கு முந்தியே இருக்கேன்," என்றார் தாத்தா. பையன் சிரித்துக்கொண்டே எழுதினான். அப்பாயிக்கு அந்தக் கேள்வி கேட்கப்படவில்லை. அவர் பதிலுக்குத் தயாராக வைத்திருந்த, மூத்த மகள் பிறந்த வருடம், வேலை நிறுத்தம் நடந்த வருடம், எதுவும் தேவைப்படவில்லை. வீடு திரும்பும்வரை அதைப்பற்றியே முணுமுணுத்துக்கொண்டு வந்தார்.

பிரகடனம் கொடுத்த மறுநாளே அட்டை வந்துவிடவில்லை. அப்பாவுக்குப் பிறப்புப் பதிவு இல்லை. உத்தேச வயதுச் சான்றிதழ் எடுக்க வேண்டியிருந்தது. சித்தப்பாவின் பெயர் தோட்டப் புத்தகத்தில் ஒரு விதமாகவும் பாடசாலைப் பதிவில் வேறு விதமாகவும் இருந்ததால், சமாதான நீதவான் ஒருவரிடம் போய்ச் சத்தியக் கடதாசி முடித்தார்கள். ஒவ்வொருவருக்காய் 2004 ஆம் ஆண்டு முழுக்க அட்டைகள் வந்து சேர்ந்தன. தன் அட்டையை அப்பா முதல் வாரம் தலையணைக்கடியில் வைத்துப் படுத்தார்.

அடுத்த ஜனவரியில் அப்பாயியின் தோட்டை அடகு வைக்க அப்பா போனார். அவருக்கு அன்று மாலை வேலை; காலையில் போய்விட்டுப் பகலுக்குள் திரும்பிவிட்டார். அம்மா மலையிலிருந்து இறங்கவில்லை, அன்று முழுப் பேர். வீட்டில் யாரும் இதைப் பெரிதாகப் பேசவில்லை. ஆனால் அந்த மாதச் சம்பளத் துண்டு வந்தபோது அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது எனக்கு நினைவிருக்கிறது. ஒரு குடும்பத்தின் மீது அரசியல் மாற்றம் எந்த இடத்தில் வந்து விழுகிறது என்று கேட்டால், எங்கள் வீட்டில் அது அந்தத் துண்டில் இருந்த நாட்கணக்கில் விழுந்தது என்பேன்.

அதற்குப் பிறகு வந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தொண்ணூறுகளிலேயே வேலையிலிருந்து நின்றுவிட்ட அப்பாயியின் சேமலாப நிதி, அட்டை இலக்கம் இல்லாமல் கிடப்பில் கிடந்தது. அது கைக்கு வந்து, கூரைத் தகரம் மாற்றப்பட்டது. மழைக்காலத்தில் சட்டி பானைகளை ஒழுகலுக்கு வைப்பது நின்றது. அப்பா தன் பெயரில் ஒரு சேமிப்புக் கணக்குத் திறந்தார். உயர்தரம் முடித்த பிறகு கல்வியியற் கல்லூரிக்கு விண்ணப்பம் கோரிய வர்த்தமானியை எடுத்துப் பார்த்தேன். தகைமைகளில் இலங்கைப் பிரசையாக இருத்தல் வேண்டும் என்ற வரியும் இருந்தது. முந்தைய வருடமாக இருந்தால் அந்த வரியோடு பத்திரிகையை மடித்து வைத்திருப்பேன். பத்தனையிலுள்ள கல்வியியற் கல்லூரியில் படித்து ஆசிரியர் தொழிலுக்கு வந்தேன். எங்கள் வம்சத்தில் கொழுந்தோ கவ்வாத்தோ அல்லாத சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான்.

2006 ஆம் ஆண்டு போர் மீண்டும் மூண்டபோது கொழும்பில் சோதனைச் சாவடிகள் முன்னைவிடப் பெருகின. சித்தப்பாவை அப்போதும் மறித்தார்கள். தமிழ்ப் பெயருள்ள அட்டை சந்தேகத்தைப் போக்கிவிடாது. ஆனாலும் முதலாளியின் கையெழுத்துக்காக இரவு முழுக்கக் காத்திருக்கும் நிலை அவருக்கு அதன்பின் நேரவில்லை. குடியுரிமையை மிகைப்படுத்தவும் கூடாது, குறைத்துச் சொல்லவும் கூடாது என்று நான் நினைப்பதற்கு அவர் அனுபவமும் ஒரு காரணம்.

வாக்கைப் பொறுத்தவரை, 2004 ஏப்ரல் பொதுத் தேர்தலுக்கு எங்கள் பெயர்கள் இடாப்பில் ஏறியிருக்கவில்லை. 2005 நவம்பர் ஜனாதிபதித் தேர்தலில் தாத்தா எழுபத்து மூன்று வயதில் முதல் தடவையாக வாக்களித்தார். அப்பா வழியில் 1947 க்குப் பிறகு யாரும் போடாத வாக்கு அது. யாருக்குப் போட்டார் என்பதைச் சொல்ல மறுத்துவிட்டார். அம்மா மட்டும், "எனக்குத் தெரியும், சங்கம் சொன்னதுக்குப் போடல," என்று பின்னாளில் சொன்னார். அதற்கு முன்பெல்லாம் தேர்தல் காலத்தில் வேட்பாளர்கள் எங்கள் லயத்துக்கு வந்தால், வாக்குள்ள காம்பராக்களின் வாசலில் நின்றுவிட்டு, எங்கள் வாசலில் ஒரு கும்பிடோடு கடந்துபோவார்கள். பிறகு எங்கள் வாசலிலும் நின்றார்கள். குழாய்த் தண்ணீர் வந்ததும் படிக்கட்டுக்குச் சீமெந்து போட்டதும் அதன் பிறகுதான்.

அப்பா 2011 இல் இலங்கைக் கடவுச்சீட்டு எடுத்து, கோத்தகிரிக்குப் போய் அக்காவைப் பார்த்து வந்தார். பத்து வயதில் இந்தியர் என்று விண்ணப்பத்தில் எழுதப்பட்டவர் இந்தியா போவதற்கு விசாவுக்கு வரிசையில் நின்ற வேடிக்கையை அவர் இன்றும் சொல்லிச் சிரிப்பார். அத்தையின் பிள்ளைகள் அங்கே ரேஷன் அட்டையும் வாக்காளர் அட்டையுமாகத்தான் இருக்கிறார்கள், ஆனாலும் அக்கம்பக்கத்தார் அவர்களைச் சிலோன்காரர்கள் என்றே அழைக்கிறார்களாம்.

மாறாதவை நிறைய. நாட்கூலி ஆயிரம் ரூபாய் ஆவதற்கு 2021 மார்ச்வரை போராட வேண்டியிருந்தது. அது கிடைத்தபோது அரிசி விலை எங்கோ போய்விட்டது. கடிதங்கள் இன்னும் பல தோட்டங்களில் கந்தோர் வழியாகவே வருகின்றன. நேர்முகப் பரீட்சைக் கடிதம் திகதி கடந்து கைக்கு வந்த மாணவர்களை நானே அறிவேன். வீடு கட்ட ஏழு பேர்ச் (பேர்ச் ஒரு நில அளவு) காணி தரப்படும் என்ற அறிவிப்பின்படி தம்பிக்கு ஒரு துண்டு ஒதுக்கப்பட்டு, அதில் வீடும் எழும்பிவிட்டது. காணி உறுதி கிடைக்கவில்லை. தம்பி தன் அட்டை, திருமணப் பதிவு, அப்பாவின் குடியுரிமைப் பத்திரத்தின் பிரதி, தோட்டக் கடிதம் என எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டுக்கொண்டு மாதமொரு தடவை போய்க் கேட்டுவிட்டு வருகிறான். எங்கள் பக்கத்துக் கடதாசிகளில் இம்முறை குறை எதுவும் இல்லை. அவர்கள் தரப்பு நில அளவைப் படம்தான் இன்னும் வந்து சேரவில்லையாம்.